வால் உள்ள போல்ட்

14-7-1974. ஜீப், ராணுவ ஏலத்தில். 1,850.00
3-6-1979. மாதிரி போல்ட், ஒன்று. 4.00
10-6-1979. அதே வகை போல்ட், அறுபத்து நான்கு. 224.00
24-6-1979. கழற்றிய பழைய போல்ட், ஐம்பத்தெட்டு, எடைக்குப் போட்டது. வரவு 2.75
2-5-1988. பதிவுத் தபால், ஏழு. 38.50

மேலே உள்ள ஐந்து வரிகளும் என் தங்கையின் கணவரைப் பற்றியவை. அவரை எல்லோரும் ஒரிஜினல் என்று கூப்பிடுவார்கள். பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். அங்கே வைத்த பெயர் இது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது ஒரிஜினலா, பிறகு மாற்றியதா என்று சொல்லாமல் அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் குடிவந்த அன்று வரவேற்கப் போனவர், வாசலில் நின்றபடியே, அந்த வீட்டின் இடதுபக்க ஜன்னல் பிற்காலத்தில் வைத்தது என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்துத் தெருவில் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனோம். மூக்கும் நெற்றியும் அப்பாவுடையவை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காது மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையே என்று ரொம்ப நேரம் யோசித்தார். அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை திரும்ப எட்டு மாதம் ஆயிற்று.

ஆனால் பழைய ராணுவ ஜீப் விஷயத்தில் இந்தக் குணம்தான் அவருக்கு மரியாதை. எங்கள் ஊரில் பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் பதிவேடு என் பொறுப்பு. என்னிடம் ஜீப் கிடையாது, பேனா உண்டு. ஒரிஜினல்தான் சங்கத்தின் பரிசோதகர். ஒரு ஜீப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். நூறு மதிப்பெண். எழுபத்தைந்து வாங்கினால் பித்தளைப் பட்டயம் ஒன்றை முன்பலகையில் திருகி வைப்பார்கள். பட்டயம் இருந்தால் ஜீப்புக்கு மதிப்பு. பட்டயத்துக்கு மதிப்பு, அவர் கையெழுத்தால்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு கம்பெனிகள் இந்த ஜீப்பைச் செய்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்று. அடியில் படுத்துப் பார்த்தால் வேறு. முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் முதல் கம்பெனி. கவிழ்த்த தொட்டி மாதிரி இருந்தால் இரண்டாவது. இந்த இரண்டாவது கம்பெனிக்கு ஒரு வழக்கம். தான் செய்த ஒவ்வொரு துண்டிலும் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிடும். போல்ட்டின் தலையில்கூட அடிக்கும். ராணுவம் கழித்துக் கட்டியபிறகு வண்டிகள் பல கை மாறின. யார் யாரோ எதை எதையோ கழற்றி, எதை எதையோ மாட்டினார்கள். எழுத்துள்ள போல்ட் வெளியே கிடைப்பது அரிது. கிடைத்தால் விலை அதிகம். விலை அதிகம் என்றால் போலியும் வந்துவிடும்.

ஒரிஜினலின் ஜீப் இரண்டாவது கம்பெனி ஜீப். ஏலத்தில் எடுத்தபோது அதில் எழுத்துள்ள போல்ட் ஐம்பத்தெட்டு இருந்தன, ஆறு இல்லை. ஐந்து வருடம் அந்த ஆறைத் தேடினார். 1979 ஜூன் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் வியாபாரி ஒருவன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். ராணுவ முத்திரை போட்ட மரப்பெட்டி. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றிய போல்ட்டுகள். ஒன்றை வாங்கி வந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். எழுத்தின் அடியில் ஒரு சின்ன வால் இருந்தது. அவருடைய ஜீப்பின் போல்ட் எதிலும் வால் இல்லை.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு முடிவுக்கு வந்தார்: ஜீப் பல கை மாறியிருக்கும், பெட்டி மாறியிருக்காது. ஆள் சொன்னால் நம்பக் கூடாது, பெட்டி சொன்னால் நம்பலாம் என்பது அவர் கொள்கை. ஆகவே வால் உள்ளதுதான் ஒரிஜினல். இத்தனை நாள் தன் ஜீப்பில் இருந்தவை எல்லாம் போலி. அடுத்த ஞாயிறே போய் அறுபத்து நான்கு வாங்கி மாட்டினார். கழற்றிய ஐம்பத்தெட்டையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். முதலில் வாங்கிய அந்த ஒற்றை போல்ட்டை ஒரு தலைவலித் தைல டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார். அன்றிலிருந்து அதுதான் அளவுகோல். யார் ஜீப்பைப் பார்த்தாலும் டப்பாவைத் திறந்து, அதைப் பக்கத்தில் பிடித்து, வால் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் போல்ட்டுக்கு உரிய பத்து மதிப்பெண்ணும் போயிற்று.

சங்கத்தின் இதழில் அதைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரையும் எழுதினார். கம்பெனியில் அச்சு வெட்டியவன் இடது கைக்காரனாக இருக்க வேண்டும் என்றும், உளியை எடுக்கும்போது கை இந்தப் பக்கம் இழுத்ததால்தான் வால் விழுந்தது என்றும் படம் போட்டு விளக்கியிருந்தார். அந்த வாலின் நீளத்தை வெர்னியரில் அளந்து பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்கு ஒரே மகள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். அப்பாவின் கண், அம்மாவின் வாய். அவள் ஒருவனை விரும்பினாள். பையன் உலோகப் பட்டறை ஒன்றில் அச்சு வெட்டும் வேலையில் இருந்தான். நல்ல கைவேலைக்காரன், அதிகம் பேசாதவன். அவனுக்கு வேறு ஊரில் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். அதற்குள் கல்யாணம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவனுடைய அப்பா பேக்கரிக்காரர். குறை சொல்ல முடியாத இடம். ஒரே சிக்கல், பேக்கரிக்காரரிடம் ஒரு ஜீப் இருந்தது.

பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவில் அதை நிறுத்தியிருந்தார். பதினோரு வருடம் ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்துக் கட்டிய வண்டி. ரொட்டித் தட்டுகளை மூடும் வெள்ளைத் துணியால்தான் அதையும் மூடுவார். சம்பந்தம் பேச வந்த அன்று, ஆறு பன்களைக் காகிதத்தில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, தன் ஆசை ஒன்றே ஒன்றுதான் என்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஜீப்பில்தான் வர வேண்டும். பட்டயத்தோடு வர வேண்டும். பட்டயம் ஏறிய அன்றைக்கு நாள் குறிப்போம்.

ஒரிஜினல் வேறொருவரைப் பரிசோதகராகப் போடச் சொன்னார். பேக்கரிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க கையெழுத்து இல்லாத பட்டயம் எனக்கு வெறும் தட்டு, சம்பந்தி. அதுல நான் பன்னுதான் வைக்கணும்."

அன்று அவர் போனபிறகு என் தங்கை கணவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியார் ஜீப்புக்கு எழுபத்தைந்து போடும் கை, சொந்த மகளின் வாழ்க்கைக்கு எழுபத்தைந்து போடாதா என்று கேட்டாள். இருக்கிறதற்குத்தான் போட முடியும் என்றார் அவர். இருபத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் தான் சமைப்பதற்கும் இருக்கிறதற்குத்தான் மதிப்பெண் விழுகிறது என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் ஒன்றும் சண்டை போடவில்லை. அப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "நல்லா பாருங்கப்பா. குறை மட்டும் பாக்காதீங்க" என்றாள்.

பரிசோதனை 1988 மார்ச் 13, 20, 27 ஆகிய ஞாயிறுகளில். முதல் ஞாயிறு உடலும் சட்டமும். குறுக்குச் சட்டம் கவிழ்த்த தொட்டி, அதாவது இதுவும் இரண்டாவது கம்பெனி ஜீப். முன்முகத்தில் இடைவெளி ஒன்பது. ராணுவ வண்டிக்கு ஒன்பது, பிற்காலத்தில் பொதுமக்களுக்குச் செய்ததற்கு ஏழு. விளக்குகள் எஞ்சின் பக்கம் மடங்கித் திரும்புகின்றன. பின்பலகை திறக்காத பலகை. சட்டத்தின் எண் அடிக்கப்பட்ட இடத்தை ஒரிஜினல் பிளேடால் சுரண்டினார். ஐந்து பெயிண்ட் அடுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நின்று பெருமூச்சு விட்டார். சட்டத்துக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. உடலுக்கு முப்பதுக்கு இருபத்து நான்கு. பேக்கரிக்காரர் அன்று அடுப்படி ஆட்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறு எஞ்சின், மின்சாரம், சக்கரம். கார்புரேட்டர் லாரியுடையது. ஆறு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. இரண்டு துண்டாகப் பிரியும் பழைய சக்கரம் ஐந்தில் மூன்று. பதினான்கு, ஐந்து, ஆறு. மண்வெட்டி, கோடாலி முதலியவற்றுக்கு ஐந்தில் நான்கு. மொத்தம் அறுபத்தெட்டு. மிச்சம் போல்ட். பத்தில் ஏழு கிடைத்தால் கல்யாணம்.

மூன்றாவது ஞாயிறு எல்லோரும் வந்திருந்தோம். என் தங்கை மாவு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். பையன் டார்ச் பிடித்தான். ஒரிஜினல் டப்பாவைத் திறந்து, போல்ட்டை எடுத்து, முதல் போல்ட்டின் பக்கத்தில் பிடித்தார்.

"வால் இல்ல" என்றார். நான் எழுதினேன்.

இரண்டாவது, வால் இல்லை. மூன்றாவது, வால் இல்லை. பத்தாவதும் அப்படியே. பேக்கரிக்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும், அடுத்ததில் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இருபத்து மூன்றாவது போல்ட்டில் டார்ச் வெளிச்சம் ஆடியது.

"சார், அதைக் கொஞ்சம் கையில தாங்களேன்" என்றான் பையன்.

அந்த போல்ட்டை ஒன்பது வருடத்தில் வேறு யாரும் தொட்டதில்லை. ஆனாலும் கேட்டவிதம் மரியாதையாக இருந்ததால் கொடுத்தார். பையன் தலையைப் பார்த்தான். திருப்பித் தலைக்கு அடிப்பக்கம் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்தன.

"இது எங்க வாங்கினீங்க சார்?"

ஒரிஜினலுக்குப் பிடித்த கேள்வி. சந்தை, முத்திரை போட்ட பெட்டி, மெழுகுத்தாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"ஆமா சார்" என்றான் பையன். "மெழுகுத்தாள் சுத்தினதும் நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. அவனே மறுபடி சொன்னான்.

"இந்த போல்ட்டு நான் செஞ்சது சார்."

பேக்கரிக்காரர் அவன் ஏதோ உடைத்துவிட்டான் என்று நினைத்தார். "என்னடா செஞ்ச?" என்றார்.

"போல்ட்டுப்பா."

"எந்த போல்ட்டு?"

"சார் கையில இருக்கிற மாதிரி போல்ட்டு."

விஷயம் இதுதான். பதினெட்டு வயதில் அவன் பட்டறையில் சேர்ந்த புதிது. வியாபாரி ஒரு பழைய போல்ட்டைக் கொடுத்து, இதேமாதிரி முந்நூறு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறான். அச்சு வெட்டும் வேலை பையனுக்கு வந்தது. முந்நூறும் செய்து, பழையதாகத் தெரிவதற்கு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அப்பாவுக்குத் தெரியாமல் பேக்கரி அடுப்பில் தட்டுத் தட்டாக வைத்து வாட்டினானாம். பேக்கரிக்காரர் இதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த வருடம் மே மாதம் பன்னில் இரும்பு வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்ததும், மாவு போடுகிறவரை அவர் திட்டி நிறுத்தியதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மாவுக்காரரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று புலம்பினார்.

ஒரிஜினல் போல்ட்டை வாங்கி, டப்பாவில் வைத்து மூடினார். இன்றைக்கு இவ்வளவு போதும் என்றார். வீட்டுக்குக் கிளம்பினோம். தெருமுனையில் நின்று என்னைப் பார்த்தார்.

"பையன் பொய் சொல்றான், மச்சான். கல்யாணம் நடக்கணும்னு சொல்றான். பொய் சொல்ற பையனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

பின்னால் வந்த மகள் இதைக் கேட்டுவிட்டாள். கல்யாணத்துக்காகப் பொய் சொல்கிறவன், நான் கள்ள போல்ட் செய்தவன் என்றா பொய் சொல்வான் என்று கேட்டாள். அது நியாயம்தான் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் செய்து காட்டட்டும் என்றார்.

ஏப்ரல் 2, சனிக்கிழமை, பட்டறைக்குப் போனோம். பழைய அச்சு இழுப்பறையில் துணியில் சுற்றியபடி இருந்தது. பையன் லேத்தில் இரும்புக் கம்பியை மாட்டி, கடைந்து, மரை வெட்டி, அச்சை வைத்து ஒரே அடி அடித்தான். எண்ணெயும் கரியும் பூசி ஊதுகுழல் நெருப்பில் காட்டினான். இதேபோல் இரண்டு. ஒரிஜினல் தன் ஜீப்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த மூன்றோடு இவற்றைக் கலந்து நான் மேசையில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து இருபது நிமிடம் பார்த்தார். எது புதியது என்று இரண்டைக் காட்டினார். இரண்டும் தவறு.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இந்த வால்?"

"அது வால் இல்ல சார், கீறல். வியாபாரி குடுத்த மாதிரியில யாரோ ஸ்பேனர் வழுக்கி விட்டிருந்தாங்க. எழுத்தோட சேந்ததுன்னு நெனச்சு அதையும் அச்சுல வெட்டிட்டேன்."

"அப்போ அந்த இடது கைக்காரன்?"

"நான்தான் சார்" என்றான் பையன். கொஞ்சம் தயங்கி, "எனக்கு வலது கைதான்" என்றான்.

ஒரிஜினல் அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெட்ட எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். நான்கு நாள் என்றான். முதல் அச்சா என்றார். ஆமாம் என்றான். "நல்லா வெட்டியிருக்கே" என்று சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அதற்காக வால் இல்லாததெல்லாம் ஒரிஜினல் என்று ஆகிவிடாது என்று வீட்டுக்கு வந்தபின் ஒரு கடைசி முயற்சி செய்தார். அதற்கும் வழி அவரே சொன்னார். தன் ஜீப்பின் அடியில் ஒரு இடத்தில், கம்பெனியிலேயே வைத்து மூடிப் பற்றவைத்த தகட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட் உண்டு. தகட்டை அறுக்காமல் யாரும் அதை மாற்ற முடியாது. பல் டாக்டரிடம் அவர் வாயில் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இரவல் வாங்கி வந்து, படுத்து, உள்ளே விட்டுப் பார்த்தார். வால் இல்லை. ஒன்பது வருடமாக இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். இருக்கும் என்று தெரிந்த ஒன்றை எதற்காகப் போய்ப் பார்ப்பது என்றார்.

அன்று மாலையே பதிவேடுகளை விரித்தேன். வால் இல்லை என்று மதிப்பெண் குறைத்ததால் மட்டுமே பட்டயம் இழந்த ஜீப்புகள் ஏழு. வால் இருந்ததால் மட்டுமே பட்டயம் வாங்கிய ஜீப் ஒன்று. அது சங்கத் தலைவரான அந்தப் பல் டாக்டருடையது. இது தவிர எனக்கு இன்னொரு எண் உறுத்தியது. பேக்கரிக்காரரின் ஜீப்பில் எழுத்துள்ள போல்ட் ஐம்பத்தெட்டு; மிச்சம் ஆறும் கடையில் வாங்கிய சாதா போல்ட். அவரிடம் போய் ஐம்பத்தெட்டும் எங்கே கிடைத்தன என்று கேட்டேன். 1979 ஜூலையில் பழைய இரும்புக் கடையில், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, நான்கு ரூபாய்க்கு வாங்கினேன் என்றார்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று என் தங்கை இன்றும் சொல்கிறாள். பதிவேட்டில் இருப்பதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? சொன்னேன். ஒரிஜினல் நேராகப் பேக்கரிக்குப் போய், ஜீப்பின் அடியில் படுத்து, கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தன் ஜீப்பிலிருந்து தானே கழற்றியபோது குறடு கடித்த தடம் இரண்டில் அப்படியே இருந்தது என்றார்.

"நான் போட்டது ரெண்டே முக்காலுக்கு" என்றார். "அந்தக் கடைக்காரன் ஒன்னேகால் லாபம் பாத்திருக்கான்."

பேக்கரிக்காரர் காதில் இதில் ஒன்றுதான் விழுந்தது. "அப்போ என் போல்ட்டு ஒரிஜினலா, சம்பந்தி?" என்றார். ஐம்பத்தெட்டும் ஒரிஜினல் என்றார் இவர். பத்துக்கு ஒன்பது. மொத்தம் எழுபத்தேழு. பேக்கரிக்காரர் அடுப்படி ஆட்களையெல்லாம் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கே நாள் குறிக்கிறேன் என்றார்.

போடவில்லை. போடவும் முடியாது. சங்க விதி பதினான்கு அப்படி. பரிசோதகர் தவறு செய்தது தெரியவந்தால், அந்தத் தவறால் இழந்தவர்கள் எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும்வரை அவர் கையெழுத்துச் செல்லாது. இந்த விதியை எழுதியவன் நானே. ஏப்ரல் 17 கூட்டத்தில் அதை வாசித்தபோது, எழுதிய கையை உடைக்க வேண்டும் என்று என் தங்கை பின்வரிசையிலிருந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பல் டாக்டர் எழுந்து, தன் ஜீப்பின் பட்டயத்தை இப்போதே கழற்றிக்கொள்ளலாம் என்றார். ஒரிஜினல் திருப்புளியோடு கிளம்பியதும், "வலிக்காம எடுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. ஒரிஜினல் மட்டும் சிரிக்காமல் நான்கு திருகையும் எடுத்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஏழு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். உட்கார்ந்தால் ஒரிஜினலுக்கு எழுத வரவில்லை. பேனா சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று பத்து நாள் ஓடியது. பெண்ணும் பையனும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மகள் பழைய இதழை எடுத்துவந்து, அந்தக் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு கீறலுக்கு நாலு பக்கம் எழுதினீங்க. மனுஷங்களுக்கு ஒரு பக்கம் எழுத இத்தனை கஷ்டமாப்பா?"

மே 2-ஆம் தேதி ஏழும் போயின. முதல் பதில் 7-ஆம் தேதி வந்தது. எழுதியவர் ஜீப்பை விற்று ஆறு வருடம் ஆயிற்று, ஆட்சேபம் இல்லை, யாராவது வாங்கியவரிடம் சொல்லுங்கள் என்றிருந்தார். இன்னொருவர் தான் அப்போதே சொன்னதாகவும், தன் மனைவிகூட அப்போதே சொன்னதாகவும் இரண்டு பக்கம் எழுதி, கடைசி வரியில் ஆட்சேபம் இல்லை என்று முடித்திருந்தார். மே 28-க்குள் ஆறு வந்துவிட்டன.

ஏழாவது ஒரு கணக்கு வாத்தியார். 1982-இல் எழுபத்து மூன்று வாங்கி, இரண்டு மதிப்பெண்ணில் பட்டயம் போனவர். அன்றே சங்கத்தை விட்டு, அடுத்த மாதம் ஊரையும் விட்டுப் போனவர். அவர் பதில் ஜூன் 6-ஆம் தேதி வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே ஒரிஜினல் எழுதிய கடிதமே இருந்தது. சிவப்பு மையால் திருத்தப்பட்டு. 'தவறு நேர்ந்துவிட்டது' என்ற இடத்தில் கோடு போட்டு, 'தவறு தானாக நேருமா? யார் செய்தது?' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கீழே, 'விடை மட்டும் உள்ளது. வழிமுறை இல்லை. பத்துக்கு நான்கு. தேர்ச்சி எழுபத்தைந்து சதவீதம் என்பது தங்களுக்குத் தெரிந்ததே.'

என் தங்கை அன்று அடுப்படியிலிருந்து வெளியே வந்து, அதை இரண்டு முறை படித்து, அந்த வாத்தியாரை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாள். தான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர் சிவப்பு மையில் எழுதிவிட்டதாகச் சொன்னாள். பையன் தன்னால்தானே எல்லாம் என்று கடிதம் எழுதத் தானும் கிளம்பினான். பார்த்து எழுதினால் வாத்தியாருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரிஜினல் தடுத்தார்.

இரண்டாவது கடிதம் மூன்று பக்கம். பெட்டி, மெழுகுத்தாள், மாதிரி போல்ட் எல்லாம் வரிசைப்படி இருந்தன. ஜூன் 27-இல் திரும்பி வந்தது. ஆறரை. 'வழிமுறை உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு அனுமானம் சோதிக்கப்படவில்லை. தங்கள் ஜீப்பிலேயே சோதிக்க இடம் இருந்ததா? இருந்தால் ஏன் சோதிக்கவில்லை?'

அன்று ஒரிஜினல் நடந்துகொண்ட விதம் எனக்கு ஆச்சரியம். கோபப்படவில்லை. சரியான இடத்தில் பிளேடு வைத்திருக்கிறார் என்றார். அடியில் இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றார். ஜூலை மூன்றாம் தேதியிலிருந்து எட்டாம் தேதிவரை எழுதினார். இந்தமுறை எனக்கும் காட்டவில்லை. தபாலில் போடும்முன் மகளிடம் மட்டும் காட்டினார். அவள் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் ஆள் குறையவில்லை. பேக்கரிக்காரர் பன் கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். பையன் புது ஊருக்கு மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தான். பேசாமல் ஒரு தேதி வைத்துக்கொண்டு பட்டயத்தைப் பிறகு மாட்டலாமே என்று நான் பேக்கரிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். பதினோரு வருடம் பொறுத்தவன் பதினோரு நாள் பொறுக்கமாட்டேனா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் ஜீப்புக்காக ஒரு மனுஷன் இத்தனை கடிதம் எழுதுவதை இப்போதுதான் பார்ப்பதாகவும், நடுவில் நிறுத்த மனம் வரவில்லை என்றும் சொன்னார்.

வாத்தியாரின் மூன்றாவது உறை மெல்லியதாக இருந்தது. மகள் பிரித்தாள். மூன்றாவது கடிதம் முழுவதிலும் சிவப்பு மை ஒரே இடத்தில்தான் பட்டிருந்தது. 'சோதித்துப் பார்த்தால் நான் தவறு என்று தெரிந்துவிடும் என்ற பயத்தினால் சோதிக்கவில்லை. அதனால் தங்களுக்கு நியாயமாக வரவேண்டியது வரவில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கடைசியில், 'பத்துக்கு ஏழரை. கையெழுத்து இன்னும் சீராக இருக்கலாம். ஆட்சேபம் இல்லை.' அதற்குக் கீழே, கல்யாணத்துக்கு அழைத்தால் தன் ஜீப்பிலேயே வருவதாகவும், அதன் போல்ட்டுகளை யாரும் பார்க்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்.

ஒரிஜினல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேக்கரிக்காரர் பட்டயத்துக்குரிய சான்றிதழை மடியிலிருந்து எடுத்தார். தினமும் கொண்டுவந்திருக்கிறார் போலிருக்கிறது. என் தங்கை நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். நான் உறையை வாங்கித் தபால் முத்திரையைப் பார்த்து, பதிவேட்டில் அதற்குரிய பக்கத்தில் எழுதினேன்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: 22-7-1988.